தலைக்கவசம் போடுவதா வேண்டாமா: சிங்கப்பூரில் சைக்கிள் ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

சட்டப்படி எங்கே கட்டாயம், எங்கே இல்லை?

சாலையில் ஓட்டினால் கட்டாயம். 2019 பிப்ரவரி 1 முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. நடைபாதை, சைக்கிள் பாதை, பூங்கா இணைப்புப் பாதை ஆகியவற்றில் கட்டாயமில்லை. அப்படிப்பட்ட பாதையில் போகும்போது வழியில் ஒரு சாலையைக் கடக்க நேர்ந்தால், கடப்பதற்காக மட்டும் போட வேண்டியதில்லை.

இந்தக் கடைசி விலக்கைப் பலர் இழுத்து நீட்டிக்கொள்கிறார்கள். சாலையைக் குறுக்கே கடப்பது வேறு. பாதை முடிந்துவிட்டதே என்று அடுத்த சந்திப்புவரை சாலையோரமாக மிதித்துப் போவது வேறு. இரண்டாவதற்குத் தலைக்கவசம் வேண்டும்.

சாலை விதிகளை மீறும் சைக்கிளோட்டிகளுக்கான அபராதம் 2022 ஜனவரி 1 முதல் 75 வெள்ளியிலிருந்து 150 வெள்ளியாக உயர்ந்தது. விவகாரம் நீதிமன்றம்வரை போனால் தண்டனை இன்னும் கடுமையாக இருக்கும்.

நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர்தானே போகிறோம். விழுந்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

சட்டம், நீங்கள் எந்தப் பாதையில் போகிறீர்கள் என்று பார்க்கிறது. தலைக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு உயரத்திலிருந்து, எதன்மேல் விழுகிறோம் என்பதுதான்.

சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1.5 மீட்டரிலிருந்து கீழே வரும் எதுவும் தரையைத் தொடும்போது விநாடிக்கு 5.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். மணிக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சைக்கிள் நின்றுகொண்டிருந்தாலும் கீழ்நோக்கிய இந்த வேகம் மாறாது. முன்னோக்கிய வேகத்தின் பெரும்பகுதி, சமதரையில் சறுக்கிக்கொண்டே போவதில் கரைந்துவிடும், தோல் உரியும். ஆனால் மண்டையில் விழும் அடியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கீழ்நோக்கிய வேகம்தான். எதிரே தூணோ சுவரோ இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

அடுத்தது, எவ்வளவு தூரத்துக்குள் தலை நிற்கிறது என்பது. வெறுந்தலை சிமெண்டுத் தரையில் மோதி 2 மில்லிமீட்டருக்குள் நின்றால், அதன்மேல் வரும் சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 750 மடங்கு. அதே தலை, தலைக்கவசத்தின் நுரை நசுங்கும் 2 சென்டிமீட்டருக்குள் நின்றால் 75 மடங்கு. தலைக்கவசம் செய்யும் வேலை இவ்வளவுதான்: நிற்பதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. உள்ளே இருப்பது நாம் தெர்மாக்கோல் என்று சொல்லும் பொருளின் அடர்த்தியான வகை. நசுங்கவேண்டும் என்றே வைக்கப்பட்டது, நசுங்கினால்தான் பயன்.

அப்படியானால் எப்போதும் போடத்தான் வேண்டும் என்கிறீர்களா?

இல்லை. சட்டம் விட்டுவைத்திருக்கும் இடங்களில் முடிவு உங்களுடையது. ஆனால் அந்த முடிவை “எவ்வளவு தூரம்” என்பதை வைத்து எடுக்காதீர்கள். விழ வாய்ப்பு எவ்வளவு, விழுந்தால் தலை எதில் மோதும், இந்த இரண்டையும் வைத்து எடுங்கள்.

எம்ஆர்டி நிலையத்திலிருந்து புளோக்குக்கு, நன்கு தெரிந்த அகலமான சைக்கிள் பாதையில், பட்டப்பகலில், காய்ந்த தரையில், மெதுவாகப் போகும் பெரியவர் ஒருவர் தலைக்கவசம் இல்லாமல் போனால் அதைப் பெரிய அசட்டுத்தனம் என்று சொல்லமாட்டோம். அதே மனிதர், அதே பாதையில், மழை விட்ட பத்தாவது நிமிடம் போனால் சொல்வோம். நம் ஊரில் சைக்கிளைச் சறுக்கிவிடுபவை எவை என்று பாருங்கள்: ஈரமான மஞ்சள் கோடுகள், வடிகால்மேல் போட்டிருக்கும் இரும்புக் கம்பி மூடிகள், பார்வையற்றோருக்காகப் பதித்திருக்கும் மேடுள்ள தரைக்கற்கள், மரத்தடியில் ஊறிக் கிடக்கும் இலைகள், புளோக்கின் கீழ்த்தளத்து வழவழப்பான தரை. இவற்றில் பெரும்பாலானவை சட்டம் தலைக்கவசம் கேட்காத இடங்களிலேயே இருக்கின்றன. மரவேர் தூக்கிவிட்ட நடைபாதை விளிம்பையும், பாதை முடியும் இடத்தில் நட்டுவைத்த தடுப்புக் கம்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடைபாதையின் கான்கிரீட் விளிம்பு பக்கத்தில் இருந்தால் தலை அதன்மேலேயே போய் விழலாம்.

யோசிக்காமல் போடவேண்டிய சந்தர்ப்பங்கள்: ஈரத்தரை, இருட்டு, வார இறுதியில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா (அங்கே பிரச்சினை வேகம் அல்ல, திடீரென்று குறுக்கே ஓடும் குழந்தையும், நீண்ட வாரில் கட்டிய நாயும்தான்), புலாவ் உபினின் மண்பாதைகள், மின்சைக்கிள், புதிதாக ஓட்டக் கற்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள். கடைசியில் சொன்னவர்களுக்குச் சாதாரண அடிகூட மூளைக்குள் ரத்தக்கசிவாகலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2016இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 40 ஆய்வுகளில் பதிவான காயமடைந்த 64,000க்கு மேற்பட்ட சைக்கிளோட்டிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. தலைக்கவசம் போட்டவர்களிடையே தலைக்காய வாய்ப்பு 51 விழுக்காடும், கடுமையான தலைக்காய வாய்ப்பு 69 விழுக்காடும் குறைவாக இருந்தது. முகக்காயத்தில் 33 விழுக்காடு குறைவு. 2018இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு சற்று அடக்கமான எண்களைக் கொடுத்தது: தலைக்காயம் 48 விழுக்காடு, கடுமையான தலைக்காயம் 60 விழுக்காடு குறைவு.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இவை ஏற்கெனவே விழுந்து காயப்பட்டவர்களை ஒப்பிடுபவை. தலைக்கவசம் போடுபவர் பொதுவாகவே கவனமானவராக, விளக்கு போடுபவராக, குடிக்காமல் ஓட்டுபவராக இருக்கலாம். அந்த வித்தியாசத்தை முழுவதும் பிரித்தெடுப்பது கடினம். அதனால் “பாதிக்குப் பாதி” என்பதைத் துல்லியமான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போட்டால் தலைக்கு நல்லது என்ற திசையில் சந்தேகமில்லை.

தலைக்கவசம் போட்டவரைக் கண்டால் கார்கள் இன்னும் நெருங்கி முந்துகின்றன என்கிறார்களே?

இங்கிலாந்தின் பாத் நகரில் ஓர் ஆய்வாளர் தன் சைக்கிளில் அளவுகருவி பொருத்தி ஓட்டிப் பார்த்து, 2007இல் வெளியிட்ட முடிவு இது. தலைக்கவசத்தோடு ஓட்டியபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி முந்தின. அதே தரவை 2013இல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி அலசி, ஆபத்தான அளவுக்கு நெருங்கி முந்துவதில் தலைக்கவசத்துக்குக் குறிப்பிடத்தக்க பங்கில்லை என்றார்கள். ஒருவேளை 8.5 சென்டிமீட்டர் உண்மையாகவே இருந்தாலும், அதற்குத் தீர்வு தலைக்கவசத்தைக் கழற்றுவதல்ல. சாலை விளிம்பிலுள்ள வடிகால்மேல் ஒண்டிக்கொண்டு ஓட்டாமல், இடத்தடத்தில் ஒரு மீட்டர் உள்ளே வந்து ஓட்டுவதுதான். விளிம்பில் ஒண்டினால் “இதற்குள் நுழைந்து போய்விடலாம்” என்று பின்னால் வருபவர் நினைப்பார்.

நெதர்லாந்தில் யாருமே போடுவதில்லையே?

ஆமாம், அன்றாடப் பயணத்துக்குப் போடுபவர்கள் அங்கே சொற்பம். காரணம், சைக்கிளுக்கென்றே தனிப்பாதைகள், நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாக மிதிக்கும் பழக்கம், காரோட்டுபவர்களில் பெரும்பாலோர் சைக்கிளோட்டிகளாகவும் இருப்பது. அங்கும் பந்தயச் சைக்கிள் ஓட்டுபவர்கள் தலைக்கவசத்தோடுதான் போகிறார்கள்.

மறுபக்கத்தில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990இல் எல்லா வயதினருக்கும் கட்டாயமாக்கியது, நியூசிலாந்து 1994இல். அமெரிக்காவின் சியாட்டிலை உள்ளடக்கிய கிங் மாவட்டமோ கட்டாயச் சட்டத்தை 2022இல் விலக்கிக்கொண்டது. கட்டாயமாக்கினால் ஓட்டுபவர் எண்ணிக்கை குறையுமா என்பது அரசாங்கங்களின் வழக்கு. நீங்கள் மதிய உணவு வாங்கப் போகிறீர்களா, தெம்பனிஸிலிருந்து சாங்கிவரை போகிறீர்களா என்பதற்கு அந்த வழக்கு பதில் சொல்லாது.

லாரி மோதினால் தலைக்கவசம் காப்பாற்றுமா?

அதை நம்பாதீர்கள். சைக்கிள் தலைக்கவசத்தின் சோதனையே விழும் வேகத்தை மனத்தில் வைத்ததுதான். கனரக வாகனத்தின் சக்கரத்துக்கு முன் அது ஒன்றுமில்லை. அடிபடுவது பெரும்பாலும் மார்பும் இடுப்பும். இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் லாரி, பேருந்துக்கு இடப்புறமாக ஒருபோதும் புகுந்து முன்னே போகாதீர்கள். ஓட்டுநருக்கு அங்கே நீங்கள் தெரியமாட்டீர்கள். வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்வாங்கி வரும். அந்த ஒரு மீட்டர் இடைவெளிதான் உயிரை எடுக்கிறது. துவாஸ், ஜூரோங் பக்கம் அதிகாலையில் வேலைக்கு மிதிப்பவர்களுக்கு இந்த ஒரு பழக்கம், எந்த விலைகூடிய தலைக்கவசத்தையும்விட முக்கியம்.

வேலையிடத்தில் கொடுத்த சேஃப்டி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

வேண்டாம். தங்குவிடுதியிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் சகோதரர்கள் பலர் இப்படிச் செய்வதைப் பார்க்கிறோம். அந்தக் கவசம், மேலிருந்து விழும் பொருள் உச்சந்தலையில் படும்போது தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. உள்ளே ஓட்டுக்கும் தலைக்கும் நடுவில் பட்டைகள்தாம், நசுங்கும் நுரை பெரும்பாலும் கிடையாது. சைக்கிளிலிருந்து விழுபவரின் அடி நெற்றியிலும் பக்கவாட்டிலும் படும். தாடைப்பட்டை இல்லாத கவசமானால் தரையைத் தொடுமுன்னரே கழன்று பறந்துவிடும். எளிய சைக்கிள் தலைக்கவசம் ஒன்றை வாங்கி, சேஃப்டி ஹெல்மெட்டைப் பையில் மாட்டிக்கொண்டு போங்கள்.

மோட்டார்சைக்கிள் கவசம்? அடியைத் தாங்கும், ஆனால் கனமும் வெக்கையும் ஒரு கிலோமீட்டருக்குள் கழற்ற வைத்துவிடும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உள்பக்கம் ஒட்டியிருக்கும் சிறிய தாளை. ஐரோப்பியத் தரம் இஎன் 1078, அமெரிக்கத் தரம் சிபிஎஸ்சி, ஆஸ்திரேலிய–நியூசிலாந்துத் தரம் 2063, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஐரோப்பியச் சோதனையில் கவசம் விநாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டை இரும்பில் மோதவிடப்படுகிறது. உள்ளிருக்கும் பொம்மைத்தலை உணரும் உச்ச முடுக்கம் புவியீர்ப்பின் 250 மடங்கைத் தாண்டக்கூடாது. அமெரிக்கச் சோதனை சற்று வேகமானது, 6.2 மீட்டர், அனுமதி 300 மடங்கு.

இஎன் 812 என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். அது தொழிற்கூடத்தில் தாழ்ந்த குழாயில் தலை இடிக்காமலிருக்கப் போடும் தொப்பிக்கான தரம். பார்வைக்குச் சைக்கிள் கவசம் மாதிரியே இருக்கும் இவை இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன.

தரச்சான்றைத் தாண்டிய விலை பெரும்பாலும் எடை குறைவுக்கும் காற்றோட்டத்துக்கும் அழகுக்கும்தான். ‘மிப்ஸ்’ என்ற மஞ்சள் வட்டம் ஒட்டியதில், உள்ளே ஒரு மெல்லிய அடுக்கு மோதும்போது 10 முதல் 15 மில்லிமீட்டர் நழுவிக் கொடுக்கும். சாய்வாக விழும்போது மூளை சுழலும் வேகத்தைக் குறைப்பதற்காக இந்த ஏற்பாடு. விலை சிறிது கூடினால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தலைக்குப் பொருந்தாத மிப்ஸைவிடப் பொருந்தும் சாதாரணக் கவசம் மேல்.

அளவு எடுப்பது, பொருத்துவது எப்படி?

தையல் நாடாவைப் புருவத்துக்கு ஒரு விரலுக்குச் சற்று மேலே வைத்து, காதுக்கு மேலாகப் பின்னந்தலையின் புடைத்த பகுதிவரை மட்டமாகச் சுற்றுங்கள். கிடைக்கும் சென்டிமீட்டர்தான் உங்கள் அளவு. இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் சிறியதை முதலில் போட்டுப் பாருங்கள்.

கடையில் தாடைப்பட்டையை மாட்டாமலே தலையை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கவசம் தானாக நகரக்கூடாது; நெற்றித்தோல் அதோடு சேர்ந்து நகர வேண்டும். பிறகுதான் பின்பக்கத் திருகுச்சக்கரம். அதை இறுக்கி இறுக்கித்தான் பெரிய கவசம் நிற்கிறது என்றால் அது உங்கள் அளவல்ல. கண்ணாடி முன் நின்று பாருங்கள்: கவசத்தின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில், மட்டமாக இருக்க வேண்டும். பலர் தொப்பியைப்போல் பின்னால் தள்ளிப் போடுகிறார்கள். அப்போது நெற்றி முழுக்க வெளியே. முதலில் தரையைத் தொடுவதோ அந்த நெற்றிதான்.

பக்கப்பட்டைகள் இரண்டும் காதுமடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடைக்கு அடியில் ஒரு விரல், தாராளமாகப் போனால் இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டால் கவசம் உச்சந்தலையை லேசாக அழுத்த வேண்டும். கடைசியாக, முன்விளிம்பைக் கையால் மேலே தள்ளிப் பாருங்கள். நெற்றி தெரியும்படி புரண்டால் முன்பட்டையைச் சுருக்குங்கள்.

கொண்டை போட்டிருந்தால்?

உயரக் கொண்டையின்மேல் கவசம் உட்காராது; மிதக்கும். கழுத்தோரம் தாழ்வாகப் பின்னிய சடைதான் சரி. சில கவசங்களில் திருகுச்சக்கரத்துக்குக் கீழே சடையை வெளியே எடுக்க இடம் விட்டிருக்கிறார்கள். கிளிப்பும் கனத்த ஹேர்பின்னும் கவசத்துக்கு அடியில் வேண்டாம், அடிபட்டால் குத்தும். முக்காடு, மெல்லிய துணி சரி. மடிப்பில்லாமல் இருந்தால் போதும். எண்ணெய் வைத்த தலையானால் உள்ளே இருக்கும் மெத்தைகளை வாரம் ஒருமுறை கழற்றி, சாதாரண சோப்புநீரில் அலசி நிழலில் காயவையுங்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் நாற்றமும் பூஞ்சையும் சொல்லாமல் வந்துவிடும்.

வெயிலில் தாங்கமுடியவில்லையே?

நியாயமான புகார்தான். நீளவாக்கில் பெரிய துளைகள் உள்ள கவசம் ஓட்டும்போது காற்றை உள்ளே இழுக்கும். உருண்டையான ஸ்கேட்டிங் பாணிக் கவசம் பார்க்க அழகு, இங்கே வெக்கை. வியர்வை கண்ணில் இறங்கினால் மெல்லிய பருத்திப்பட்டை ஒன்றை நெற்றியில் கட்டிக்கொள்ளுங்கள். தடித்த தொப்பியைக் கவசத்துக்கு அடியில் போடாதீர்கள், பொருத்தமே கெட்டுவிடும்.

குழந்தைகளுக்கு?

ஒரு வயது நிரம்பாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். கவசத்தின் கனத்தைக் கழுத்து தாங்காது. பெரிய குழந்தைகளுக்கு “வளர்ந்தபிறகும் ஆகும்” என்று பெரிய அளவு வாங்கும் பழக்கத்தைப் பள்ளிச்சீருடையோடு நிறுத்திக்கொள்வோம். சைக்கிளிலிருந்து இறங்கி விளையாட்டு மைதானத்துக்கு ஓடும்முன் கவசத்தைக் கழற்றிவிட வேண்டும். ஏறு கம்பிகளில் கவசம் சிக்கி, தாடைப்பட்டை கழுத்தை நெரிக்கும் ஆபத்து உண்டு. இதற்காகவே இழுத்தால் தானாக விடுபடும் பட்டையுள்ள சிறுவர் கவசங்கள் இஎன் 1080 என்ற தரத்தில் வருகின்றன.

வாடகைச் சைக்கிளுக்காக நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைவதா?

எனிவீல், ஹலோரைடு சைக்கிள்களோடு கவசம் வராது. எடை 250 முதல் 350 கிராம்தான், இடம்தான் அடைக்கும். பையின் வெளிவாரில் தாடைப்பட்டையைக் கோத்துத் தொங்கவிடலாம். மடக்கிச் சுருக்கும் கவசங்களும் உண்டு. தரத்தாளைப் பார்த்து வாங்குங்கள். கையில் இல்லாத நாளில் பாதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சாலையில் இறங்காதீர்கள். இன்னொன்று: 2025 ஜூலை 1 முதல், பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருக்கும் பாதசாரிகள் மட்டும் பாதையில் சைக்கிள் ஓட்டக்கூடாது.

எப்போது மாற்ற வேண்டும்?

தலையோடு ஒருமுறை பலமாக மோதிவிட்டால் உடனே, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும். நசுங்கிய நுரை மீண்டு வராது. விரிசல் பெரும்பாலும் மெத்தைக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேசையிலிருந்து வெறுமையாக ஒருமுறை விழுந்ததற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மெத்தையைக் கழற்றி, விரலால் நுரை முழுவதும் தடவி, இரு பக்கமும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கிறீச்சென்ற சத்தமோ கோடோ தென்பட்டால் போதும், மாற்றிவிடலாம்.

மோதலே இல்லாவிட்டாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்வது வழக்கம். தினமும் வியர்வையில் ஊறும் கவசத்துக்கு நாங்கள் ஐந்தை எடுத்துக்கொள்வோம். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். பெயிண்ட், தின்னர், பெட்ரோல் கலந்த துடைப்பான் எதுவும் படக்கூடாது, நுரையைக் கரைக்கும். கேரோசல் போன்ற இணையச் சந்தையில் பழைய கவசம் வாங்குவதும் இதே காரணத்தால் வேண்டாம். அது எத்தனை முறை விழுந்தது என்பது விற்பவருக்கே தெரியாமலிருக்கலாம்.

செலவழிக்க ஐம்பது வெள்ளிதான் இருக்கிறது. முதலில் எதற்கு?

முதலில் பிரேக். 2021 செப்டம்பர் முதல் பாதைகளில் ஓட்டும் சைக்கிளிலும் குறைந்தது ஒரு கைப்பிரேக் வேலைசெய்ய வேண்டும் என்பது சட்டம். கட்டை தேய்ந்திருந்தால் மாற்ற ஆகும் செலவு சொற்பம். அடுத்து முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. மாலை 7 மணியிலிருந்து காலை 7 மணிவரை எரிய வேண்டும். மீதியில் தரச்சான்றுள்ள எளிய கவசம் வந்துவிடும்.

விழுந்துவிட்டார், தலையில் அடி. என்ன செய்வது?

நினைவிழந்தாலோ, கழுத்து வலிக்கிறது என்றாலோ அசைக்காதீர்கள், கவசத்தையும் இழுத்துக் கழற்றாதீர்கள், 995ஐ அழையுங்கள். எழுந்து “ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் அன்றைக்கு மறுபடி ஓட்டவிட வேண்டாம். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவு. முதல் 24 மணி நேரம் தனியே விடாமல் ஒருவர் கூட இருப்பது நல்லது. உடைந்த கவசத்தையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதை மருத்துவர் பார்த்தால் அடி விழுந்த இடம் தெரியும்.